'சினென்சிஸ்' என்னும் இலத்தீன் பெயரடை: அதன் தோற்றமும் வடிவங்களும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையின் இடையே அமைந்த மலையூர் புசல்லாவை. அவ்வூரைச் சூழ்ந்த சரிவுகளைப் போர்த்து நிற்கும் பயிர் தேயிலை. தாவரவியல் கற்கும் மாணவர் இச்செடியின் அறிவியற் பெயரைக் 'கமெலியா சினென்சிஸ்' என மனனஞ் செய்வர். ஆயின் அப்பெயரின் பிற்பாதியாகிய 'சினென்சிஸ்' என்பது எம்மொழிச் சொல், எவ்வாறு பிறந்தது, எவ்வெவ் வடிவங் கொள்ளும், உண்மையில் எப்பொருளை உணர்த்தும் என்று ஆராய்வார் சிலரே. இலத்தீன் மொழி இன்று எந்நாட்டு மக்களுக்கும் தாய்மொழி அன்று. எனினும் உலகெங்கும் உயிரினங்களுக்குப் பெயரிடும் மொழியாக அது நின்று நிலவுகின்றது. ஆதலின் அச்சொல் ஒன்றன் இலக்கணத்தை அறிவது மலைநாட்டு மாணவர்க்குப் புறம்பான செயல் ஆகாது. ஓர் இடத்தின் பெயர் பிறிதொன்றற்கு அடையாகும்போது அவ்வடை எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்னும் வினாவுக்கும் அவ்விலக்கணம் விடை தரும்.

சினென்சிஸ் என்பது பெயரடை. 'சீனத்து', 'சீன நாட்டைச் சார்ந்த' என்பது அதன் பொருள். அது 'சின்' என்னும் பகுதியும் 'என்சிஸ்' என்னும் விகுதியும் சேர்ந்து அமைந்தது. பகுதியின் வரலாற்றை முதற்கண் நோக்குவோம்.

பண்டை உரோமர் கீழ்த்திசைப் பட்டை விரும்பி அணிந்தனர். எனினும் அப்பட்டினை நெய்தவரைச் 'சேரெஸ்' என்றே வழங்கினர். 'சேரிகுஸ்' என்னும் அவர்தம் பெயரடை, பட்டாலாய பொருளையும் குறிப்பதாயிற்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி என்னும் புவிநூலார், வடக்கே தரைவழியாக அடையும் சேரெஸ் மக்களையும், தெற்கே கடல்வழியாக அடையும் 'சினாய்' என்னும் மக்களையும் இருவேறு இனத்தாராகக் கூறினார். இச்சினாய் என்னும் கிரேக்கச் சொல்லே இலத்தீனிற் 'சினே' எனவும் 'சினா' எனவும் ஆயிற்று. வடமொழியில் 'சீன' என்றும், அரபு மொழியிற் 'சீன்' என்றும், தமிழிற் 'சீனம்' என்றும் வழங்குவன இதனோடு உறவுடைய சொற்களே.

இப்பெயர்களுக்கெல்லாம் மூலம், கி. மு. 221 இற் சீனத்தை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த 'சின்' என்னும் அரச மரபின் பெயர் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. இக்கொள்கையை ஐரோப்பியரிடையே எடுத்துரைத்தவர் மார்த்தினோ மார்த்தினி என்னும் இயேசு சபைத் துறவியார். அவர் 1655 இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளியிட்ட நிலப்படத் தொகுதியின் பெயர் 'நோவுஸ் அட்லாஸ் சினென்சிஸ்'. புதிய சீனத்து நிலப்படத் தொகுதி என்பது அதன் பொருள். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் தேயிலைக்குப் பெயரிடுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இச்சொல் புலவர் வழக்கில் நிலைபெற்றிருந்தமைக்கு இது சான்று. பாரசீகர் வழங்கிய 'சீன்' என்னும் வடிவத்தைத் தழுவிப் போர்த்துக்கேயர் பரப்பிய 'சீனா' என்பதினின்று 'கினென்சிஸ்' என்னும் மற்றோர் இலத்தீன் வடிவமும் தோன்றிற்று. எழுத்து வேறாயினும் பொருள் ஒன்றே. லின்னேயஸ் தம் நூலில் இவ்விரு வடிவங்களையும் ஆண்டுள்ளார்.

இனி விகுதி. 'என்சிஸ்' என்பது இடத்தைக் குறிக்கும் பெயரோடு சேர்ந்து, 'அவ்விடத்தைச் சார்ந்த' என்னும் பொருளைத் தருவது. நாட்டுப் பெயர், நகரப் பெயர்களோடு மட்டுமன்றிப் பொதுவான இடப்பெயர்களோடும் அது சேரும். புல்வெளியைச் சார்ந்தது 'பிராத்தென்சிஸ்'. தோட்டத்தைச் சார்ந்தது 'ஹோர்த்தென்சிஸ்'. பாசறையைச் சார்ந்தது 'காஸ்திரென்சிஸ்'. பேச்சு வழக்கில் சகரத்துக்கு முன் நின்ற னகரம் நாளடைவில் தேய்ந்தமையால், இத்தாலிய மொழியில் இவ்விகுதி 'ஏசே' எனக் குறுகிற்று. ஆங்கிலத்திற் 'சைனீஸ்', 'ஜப்பனீஸ்', 'அசாமீஸ்', 'சிங்ஹலீஸ்' என்னும் சொற்களின் ஈற்றில் ஒலிப்பதும் இவ்விகுதியின் வழிவந்ததே. நாள்தோறும் செவியில் விழும் இச்சொற்களில் இலத்தீன் இன்னும் வாழ்கின்றது.

வடிவங்களை நோக்குமிடத்து, தமிழுக்கும் இலத்தீனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றை முதலில் உளங்கொளல் வேண்டும். தமிழிற் பெயரடை திரிவதில்லை. சீனத்து வணிகன், சீனத்து மங்கை, சீனத்துப் பட்டு என 'சீனத்து' என்னும் அடை மூவிடத்தும் ஒரு தன்மைத்தாய் நிற்கும். வேற்றுமை உருபு ஏற்பினும், 'சீனத்து வணிகனை', 'சீனத்து வணிகர்க்கு' என உருபு பெயரைச் சேருமேயன்றி அடையைச் சேராது. இலத்தீனிலோ பெயரடையானது தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை என்னும் மூன்றற்கும் இயையத் திரிதல் வேண்டும்.

அவ்வாறு திரியும் பெயரடைகள் இருபெரும் பிரிவின. முதற்பிரிவின ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத நடுப்பால் என்னும் மூன்றற்கும் மூன்று ஈறுகளைப் பெறும். 'இந்திய' என்னும் பொருளுடைய இண்டிகுஸ், இண்டிகா, இண்டிகும் என்பன இதற்கு எடுத்துக்காட்டு. இந்து மாகடலின் இலத்தீன் பெயர் 'ஓசியானுஸ் இண்டிகுஸ்', ஆண்பால். மாமரம் 'மாங்கிஃபெரா இண்டிகா', பெண்பால். எள் 'செசாமும் இண்டிகும்', நடுப்பால். இரண்டாம் பிரிவிற் பெரும்பாலன ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவாக ஓர் ஈறும், நடுப்பாலுக்கு வேறோர் ஈறும் உடையன. சினென்சிஸ் இவ்விரண்டாம் பிரிவைச் சார்ந்தது.

ஒருமையில் ஆண்பாற்கும் பெண்பாற்கும் எழுவாய் வடிவம் 'சினென்சிஸ்', நடுப்பாற்கு 'சினென்சே'. செயப்படுபொருள் வேற்றுமையில் முன்னையது 'சினென்செம்' எனத் திரியும். நடுப்பால் திரியாது 'சினென்சே' என்றே நிற்கும். உடைமைப் பொருளில் மூன்று பாலுக்கும் 'சினென்சிஸ்'. கொடைப் பொருளிலும் நீங்கற் பொருளிலும் மூன்று பாலுக்கும் 'சினென்சீ'. பன்மையில் எழுவாயும் செயப்படுபொருளும் ஆண்பால் பெண்பால்களுக்குச் 'சினென்சேஸ்', நடுப்பாலுக்குச் 'சினென்சியா'. உடைமைப் பன்மை 'சினென்சியும்'; இதன் ஈற்றில் நிற்கும் 'உம்' இலத்தீன் விகுதியேயன்றித் தமிழின் எண்ணும்மை அன்று. கொடைக்கும் நீங்கலுக்கும் பன்மை வடிவம் 'சினென்சிபுஸ்'.

இவ்வடிவங்களைத் தமிழ் வழியாக நினைவிற் கொள்ளுதல் எளிது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகவும் குறிப்புச் சொற்கள் பிறக்கும் என்பது நம் இலக்கண மரபு. இடத்தின் அடியாகப் பிறந்த அச்சொற்கள் பாலும் எண்ணும் காட்டும்: சீனத்தான், சீனத்தாள், சீனத்தார், சீனத்தது, சீனத்தன. இலத்தீன் பெயரடை தழுவும் பெயரின்றித் தனித்து நிற்பின், 'சினென்சிஸ்' என்பது சீனத்தானையும் சீனத்தாளையும் ஒருங்கே குறிக்கும், 'சினென்சேஸ்' சீனத்தார், 'சினென்சே' சீனத்தது, 'சினென்சியா' சீனத்தன. தமிழ் அடை திரியாதெனினும், அவ்வடையின் வழிப் பிறந்த பெயர் திரிகின்றது என்பதும், அத்திரிபு இலத்தீன் வாய்பாட்டோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது என்பதும் ஈண்டு அறியத்தக்கன.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தமிழிற் பால் என்பது பொருளின் இயல்பைப் பற்றியது. மரமும் செடியும் என்றும் அஃறிணையே. இலத்தீனிற் பால் சொல்லைப் பற்றியது. கமெலியா என்னும் செடிப்பெயர் இலத்தீனிற் பெண்பால். மரப்பெயர்கள் ஆண்பாலுக்குரிய ஈறு பெற்றிருப்பினும் பெண்பாலாகவே கொள்ளப்படுதல் பெருவழக்கு. புளியமரத்தைத் 'தமரிந்துஸ் இண்டிகுஸ்' என்னாது 'தமரிந்துஸ் இண்டிகா' என்பது இதனாலேயே.

பெயர்சூட்டு நெறியில் இவ்வியைபு இன்றும் கட்டாயமானது. வீட்டு முற்றங்களிற் பூக்கும் செவ்வரத்தை 'ஹிபிஸ்குஸ் ரோசா-சினென்சிஸ்'. இங்கே சினென்சிஸ் தழுவுவது ஆண்பாலாகிய ஹிபிஸ்குஸ் என்பதை அன்று. பெண்பாலாகிய 'ரோசா' என்பதையே. சீனத்து ரோசா என்பது பொருள். தோடை 'சிட்ருஸ் சினென்சிஸ்', இதுவும் பெண்பால். 'மிஸ்காந்துஸ் சினென்சிஸ்' என்னும் புல் ஆண்பால். மூன்றிலும் ஈறு ஒன்றே. 'சிம்பிடியும் சினென்சே' என்னும் ஓர்க்கிட் மலரின் பெயரில் நடுப்பால் வடிவம் தோன்றுகின்றது. சிங்களத்தில் 'நை மிரிஸ்' எனப்படும் காரமிக்க மிளகாய் 'காப்சிகும் கினென்சே', இதுவும் நடுப்பாலே.

லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட நூலில் தேயிலைக்கு 'தேயா சினென்சிஸ்' என்று பெயரிட்டார். தே என்பது தென்சீனத்து ஹொக்கியன் பேச்சில் அவ்விலையின் பெயர். தமிழிற் 'தேயிலை', 'தேத்தண்ணீர்' என்னும் சொற்களின் முதலுறுப்பும் அதுவே. பின்னர்த் தேயிலையும் கமெலியாவும் ஒரே பேரினத்தன எனத் தெளியப்பட்டமையால், ஒட்டோ குண்ட்ஸே என்பார் 1887 இற் 'கமெலியா சினென்சிஸ்' என்னும் பெயரை வெளியிட்டார். கமெலியா என்பது பிலிப்பைன்ஸ் தீவுகளிற் பணியாற்றிய கமெல் என்னும் துறவியாரின் நினைவாக அமைந்த பெயர். பேரினப் பெயர் மாறியபோதும் அடை மாறவில்லை. இரண்டும் பெண்பாலாதலின் அதன் ஈறும் மாறவில்லை.

இச்செடி புசல்லாவைக்கு வந்த வரலாறும் அடையின் பொருளோடு தொடர்புடையது. 1839 ஆம் ஆண்டின் இறுதியிற் கல்கத்தாவிலிருந்து அசாம் வகை வித்துக்கள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. 1841 இல், ரொத்சைல்ட் குடும்பத்தின் பெண்வழி உறவினரான மொரிஸ் டி வேர்ம்ஸ் என்பார் சீனத்திலிருந்து கொணர்ந்த தேயிலைச் செடிகளைப் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். அக்காலத்தில் அத்தோட்டம் கோப்பித் தோட்டம். ஆகவே சினென்சிஸ் என்னும் அடை முழுப்பொருளோடு பொருந்திய செடிகள் இலங்கையில் முதன்முதல் வேரூன்றிய நிலங்களுள் புசல்லாவையும் ஒன்று. வணிகப் பயிராகத் தேயிலை நிலைபெற்றது 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அசாம் வகையைப் பயிரிட்ட பின்னரேயாம். அசாம் வகையின் பெயர் 'கமெலியா சினென்சிஸ்' என்னும் இனப்பெயரோடு 'அசாமிகா' என்னும் வகைப்பெயரும் சேர்ந்தது. அஃதாவது, அசாமிற் காடாய் வளர்ந்து இலங்கையிற் கொழுந்து தரும் செடியும் பெயரளவிற் சீனத்ததே.

இவ்விடத்தில் எழும் வினா, இடப்பெயரடை பிறப்பை உணர்த்துமா, இருப்பை உணர்த்துமா என்பது. இதற்கு இலத்தீன் வழக்கிலேயே விடை உண்டு. ஸ்பானிய நாட்டைச் சுட்ட உரோமரிடம் 'ஹிஸ்பானுஸ்', 'ஹிஸ்பானியென்சிஸ்' என இரு சொற்கள் இருந்தன. முன்னையது அந்நாட்டிற் பிறந்த குடியைக் குறிக்கும். 'என்சிஸ்' விகுதி பெற்ற பின்னையது அந்நாட்டில் இருப்பதை அல்லது நிகழ்வதைக் குறிக்கும். உரோமர் அந்நாட்டில் நிறுத்திய படை 'ஹிஸ்பானியென்சிஸ்'. சீசர் கி. மு. 45 இல் அங்கு நிகழ்த்திய போரைக் கூறும் நூலின் பெயர் 'தெ பெல்லோ ஹிஸ்பானியென்சீ'. நீங்கல் வேற்றுமையின் ஈகார ஈறு இதிற் காணத்தக்கது. ஸ்பானியத்திற் பிறந்த மார்சியல் என்னும் புலவர், தம் பன்னிரண்டாம் நூலின் முன்னுரையில் இவ்விரு சொற்களின் வேறுபாட்டைச் சுட்டி நயம்பட உரைத்துள்ளார்.

எனினும் இவ்வேறுபாடு எல்லா இடத்தும் செல்லாது. ஏதென்ஸ் நகரிற் பிறந்தாரை உரோமர் 'அத்தேனியென்சிஸ்' என்றே வழங்கினர். அங்கே பிறப்புக்கும் இருப்புக்கும் சொல் ஒன்றே. இரு சொற்கள் இருந்த இடத்து மட்டுமே வேறுபாடு தோன்றிற்று. தமிழில் 'கண்டியார்', 'யாழ்ப்பாணத்தார்' என்பனவும் அத்தகையனவே. அங்குப் பிறந்தாரையும் அங்குக் குடியமர்ந்தாரையும் அவை ஒருங்கே சுட்டும். ஆகவே 'என்சிஸ்' என்னும் விகுதி தன்னளவில் உணர்த்துவது ஓரிடத்தோடு உள்ள தொடர்பை மட்டுமே. அத்தொடர்பு பிறப்பா, வாழ்வா, வந்த வழியா என்பதைச் சொல் கூறாது; வரலாறுதான் கூறல் வேண்டும்.

சில வேளை வரலாறு சொல்லை மறுத்து நிற்பதும் உண்டு. காப்சிகும் கினென்சே என்னும் மிளகாய் அமெரிக்காவுக்குரியது, சீனத்துக்குரியது அன்று. 1776 இற் பெயரிட்டவர் கொண்ட பிழையான கருத்து, பெயரில் நிலைத்துவிட்டது. எத்தியோப்பிய மேட்டுநிலத்துக் கோப்பி 'அராபிகா' ஆயிற்று. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட புளியமரத்தின் பெயரிலோ இந்தியா இருமுறை நிற்கின்றது. 'தமரிந்துஸ்' என்பதே 'இந்தியப் பேரீந்து' எனப் பொருள்படும் அரபுத் தொடரின் திரிபு, 'இண்டிகா' என்பது அதன்மேல் வந்த அடை. தமிழர் சருக்கரையைச் 'சீனி' என்பதும், படிகாரத்தைச் 'சீனாக்காரம்' என்பதும் இத்தகைய வழக்குகளே. சருக்கரையை உண்பார் எவரும் அது சீனத்திலிருந்து வந்ததென இன்று எண்ணுவதில்லை. பொருந்தாமை ஒன்றையே காரணமாகக் காட்டி ஓர் அறிவியற் பெயரை நீக்குதல் ஆகாது என்பது தாவரப் பெயர்சூட்டு விதி. பெயர் நிலையாக இருத்தல் அத்துறைக்கு இன்றியமையாதது. பெயரின் பிழையால் செடிக்கு நேரும் இழப்பு யாதும் இல்லை.

மக்கள் திறத்து நிலைமை அவ்வாறன்று. கோப்பிப் பயிரின் பொருட்டு 1820களிலிருந்தும், பின்னர்த் தேயிலையின் பொருட்டும், தமிழகத்திலிருந்து வந்து கம்பளை, புசல்லாவை முதலிய மலைகளிற் குடியேறிய மக்கள், 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகுக்கப்பெற்றனர். அவ்வடை முதற்கண் வந்த வழியைக் குறித்த அடையே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ, இலங்கையிற் பிறந்த ஒருவரிடத்தும் அவர் தந்தையின் பிறப்பையோ, தந்தைவழிப் பாட்டனார், பூட்டனார் பிறப்பையோ சான்றாகக் கேட்டது. சான்றுப் பத்திரம் இல்லாத பல்லாயிரம் குடும்பங்கள் இம்மண்ணிலேயே பிறந்தும் நாடற்றோர் ஆயின. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 975,000 பேரெனக் கணிக்கப்பெற்ற அம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இற் செம்பாதியாகப் பகுக்கப்பெற்றனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இலங்கைக் குடியுரிமை வழங்க வழி செய்தது. வந்த வழியைக் குறித்த ஓர் அடை, பிறந்த மண்ணின் உரிமையை மறுக்கும் சான்றாகக் கொள்ளப்பட்டதன் விளைவு இது. அம்மக்கள் தம்மை 'மலையகத் தமிழர்' என வழங்கத் தலைப்பட்டமை, வந்த இடத்தின் அடையை விடுத்து வாழும் இடத்தின் அடையை ஏற்றமையாகும்.

'சினென்சிஸ்' என்னும் சொல்லின் இலக்கணம் இவ்வகையில் இரு உண்மைகளை உணர்த்துகின்றது. பெயரடை தன் பெயருக்கு இயையத் திரிதல் வேண்டுமேயன்றிப் பெயர் அடைக்கு இயையத் திரிதல் இல்லை என்பது ஒன்று. இடத்தினடியாகப் பிறந்த அடை தொடர்பைச் சுட்டுமேயன்றிப் பிறப்பையும் உரிமையையும் அறுதியிடாது என்பது மற்றொன்று. 1841 இற் புசல்லாவை மண்ணில் ஊன்றிய செடி இன்றும் சீனத்துக் கமெலியா என்றே ஏடுகளில் எழுதப்படுகின்றது; எனினும் அதன் கொழுந்து உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலை என்றே விலை பெறுகின்றது. இவ்விரு பெயர்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒன்று வந்த வழியைக் கூறுகின்றது, மற்றது வளர்ந்த நிலத்தைக் கூறுகின்றது. செடிக்கு இயல்பாக ஒப்புக்கொள்ளப்பட்ட இவ்வுண்மை, அதனைப் பேணி வளர்த்த மக்களுக்கும் உரியது என்க.